பச்சைக் கலர் பதிப்பு

புதிதாக வருகிறவர்களை எப்படி வரவேற்பது என்று ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கள் என்று கலவைக் குழுவின் இளையவர்கள் என்னைக் கேட்டார்கள். பணி ஓய்வு பெற்று நான்கு மாதம்தான் ஆகிறது, அதற்குள் என்னைப் பெரிய மனுஷி ஆக்கிவிட்டார்கள். கேட்டவர்களில் ஒருவர்கூட என் பழைய பதில்களைப் படித்ததில்லை என்பது மட்டும் தெரிகிறது. படித்திருந்தால் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்கள்.

சரி, கேட்டுவிட்டார்கள். எழுதுகிறேன். பாதி எழுதும்போதே வருத்தப்படப் போகிறார்கள்.

கலவை என்பது கோழித் தீவன மில்களுக்கான மென்பொருள். மக்காச்சோளம், சோயா, தவிடு, சுண்ணாம்புக்கல், உப்பு என்று மில்லில் இருக்கும் சரக்கை எல்லாம் அதில் ஏற்றினால், முட்டைக்கோழிக்கு எதை எவ்வளவு போட வேண்டும் என்று சொல்லும். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து மில்களுக்காக எழுதியது. எங்கள் முதலாளி அதை முழுக்கத் திறந்துவிட்டார். அதாவது அதன் நிரல் மொத்தமும் இணையத்தில் கிடக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம், தப்பு இருந்தால் சொல்லலாம், திருத்தியும் அனுப்பலாம். கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தோம். கதவுக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன்.

நான் வந்த வழி நீளமானதல்ல. சேந்தமங்கலத்தில் தட்டச்சு படித்தேன். ஒரு ஜவ்வரிசி ஆலையில் வாங்கிப்போட்ட கம்ப்யூட்டரைத் தொட எல்லாரும் பயந்தபோது நான் தொட்டேன். அது வெடிக்கவில்லை. அதிலிருந்து என்னைக் கம்ப்யூட்டர்க்காரம்மா என்றார்கள். மாலை வகுப்பு, இரண்டு மூன்று கம்பெனி, ஒரு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். கடைசியில் அஸ்தம்பட்டியில், ஏற்காடு ரோட்டில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மாடியில் இருந்த பெரியண்ணன் சாரின் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தேன். கீழே நாள் முழுக்கப் பல் ராவுகிற சத்தம் கேட்கும். மேலே வந்தவர்களுக்கும் அதே வேலைதான் நடந்தது, மரப்பு ஊசி மட்டும் கிடையாது.

கலவையில் யாராவது தப்பு கண்டுபிடித்தால் எங்கள் இணையப் பக்கத்தில் இஷ்யூ என்று ஒரு புகார் திறப்பார்கள். அதைப் படித்து, சரியா தப்பா என்று பார்த்து, திருத்துவதோ மூடுவதோ என் பொறுப்பு. நான் மூடுவேன். மூடுவதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை யாரும் வெளியே சொல்வதில்லை. காலையில் வந்து காப்பி குடிப்பதற்குள் நான்கு இஷ்யூ மூடினால் அன்றைக்கு உடம்பே லேசாக இருக்கும்.

இதற்காகவே ஒரு படிவம் தயார் செய்திருந்தேன். பதின்மூன்று கட்டங்கள். எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எத்தனை நினைவகம், என்ன செய்தீர்கள், எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன, ஏற்கெனவே யாராவது இதைச் சொல்லியிருக்கிறார்களா என்று தேடினீர்களா, தேடினால் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினீர்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மூடிவிடுவேன். ரேஷன் கார்டுக்கு விண்ணப்பிப்பதுகூட இதைவிடச் சுலபம் என்று ஒரு ஆத்தூர்க்காரர் எழுதியிருந்தார். அதையும் மூடினேன், ஏழாவது கட்டம் காலி.

திருச்செங்கோட்டிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் ஒருமுறை எழுதினார். "எனக்கும் கலவைக்குப் பங்களிக்க ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?" நான் ஒரே சொல்லில் பதில் போட்டேன். "ஆரம்பத்திலிருந்து." எனக்கு அது ரொம்ப நன்றாக இருந்தது. குழுவில் நான்கு பேர் சிரித்துவைத்தார்கள். அந்தப் பெண் அதற்குப் பிறகு வரவே இல்லை. வேறு எங்கோ போய் நன்றாக இருப்பார் என்று நம்புகிறேன், எங்களிடம் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். எங்களுக்கு.

பெரியண்ணன் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் கத்த மாட்டார். கத்துகிற முதலாளியைச் சமாளிப்பது எனக்குப் பழக்கம், நானும் கத்திவிடுவேன். இவர் மேஜையில் வறுத்த நிலக்கடலையைக் குவித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உடைத்து, தோலை ஊதி, பருப்பைத் தின்னாமல் வரிசையாக அடுக்குவார். யாராவது பேசி முடிக்கும் வரை அடுக்கிக்கொண்டே இருப்பார். கோபம் வர வர மரியாதை கூடும். சாதாரண நாளில் நான் "கோமதி". கொஞ்சம் கோபம் என்றால் "கோமதிம்மா". "சொல்லுங்க சாமி" என்று ஆரம்பித்தால், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவது உத்தமம். ஊரில் பெரியவர் சின்னவர் என்று எல்லாரையும் பாசமாகக் கூப்பிடுகிற சொல் அது. அவர் வாயில் வந்தால் எங்களுக்குப் புயல் எச்சரிக்கை.

மின்னஞ்சல், இஷ்யூ எதுவானாலும் காகிதத்தில் அச்செடுத்துத்தான் படிப்பார். அச்செடுத்ததை உரக்கப் படிப்பார். நாங்கள் எழுதிய பதிலையும் அப்படியே படிப்பார், ஏற்ற இறக்கமே இல்லாமல், பஸ் ஸ்டாண்டில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லும் குரலில். "ஆரம்பத்திலிருந்து" என்பதையும் ஒருநாள் படித்தார். படித்துவிட்டு, "இந்தப் புள்ள நம்ம ஊட்டுக்கு வந்து வாசல்ல நின்னு கேட்டிருந்தா இதேதான் சொல்லியிருப்பீங்களா கோமதிம்மா?" என்றார். "வீடு வேற, வேலை வேறங்க சார்" என்றேன். அவர் இன்னொரு கடலையை உடைத்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் வெண்ணந்தூரிலிருந்து பூங்கொடி என்பவர் ஒரு இஷ்யூ திறந்தார். ராசிபுரம் பக்கத்தில் ஒரு தீவன மில்லில் கலவை போடுகிற வேலை அவருக்கு. கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, சீட்டை அச்செடுத்துக் கீழே கலக்குகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். போனிலிருந்து தமிழில் எழுதியிருந்தார். "ஐயா, கலவை கணக்கு தப்பாக வருகிறது. எங்கள் தீவனம் வாங்கிய பண்ணைகளில் முட்டை ஓடு தோல் மாதிரி ஆகிறது. மில்லில் என் தப்பு என்கிறார்கள். தயவுசெய்து பாருங்கள்."

படிவம் நிரப்பப்படவில்லை. மூடினேன்.

இரண்டு நாளில் மறுபடி வந்தார், இந்தமுறை படிவத்தோடு. பதின்மூன்று கட்டத்தையும் நிரப்பியிருந்தார், பாவம். எந்தப் பதிப்பு என்ற கட்டத்தில் "பச்சைக் கலர்" என்று எழுதியிருந்தார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பதிப்பு எண்ணைக் கேட்டால் கலரைச் சொல்கிறாரே! அந்த வரியைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். "அடுத்த பதிப்பை மாம்பழக் கலரில் விடலாமா?" என்று கீழே எழுதிவிட்டு இஷ்யூவை மூடினேன். எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் அலுவலகத்துச் சரவணன் ஒரு வாரம் என்னை "மாம்பழக் கலர் மேடம்" என்று கூப்பிட்டான். எங்கள் குழு எல்லாரும் பார்க்கிற மாதிரி திறந்தே கிடக்கிற குழு என்பது எங்கள் பெருமை. பூங்கொடியும் பார்ப்பார் என்பது அந்தப் பெருமையில் எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாவது முறை இரண்டு வரி மட்டும் எழுதி, கம்ப்யூட்டர் திரையைப் போனில் படமெடுத்துப் போட்டிருந்தார். கை ஆடி, பாதி மங்கல். நானும் மனசாட்சியோடு என் கணினியில் அதே சரக்குகளை ஏற்றிப் பார்த்தேன். சுண்ணாம்புச் சத்துக்காகச் சேர்க்கிற கிளிஞ்சல் அவருக்கு வரவில்லையாம், அதை எடுத்துவிட்டு மற்றதை வைத்துக் கணக்குப் போட்டாராம். நானும் கிளிஞ்சல் இல்லாமல் போட்டேன். கணக்கு அச்சுப்பிசகாமல் வந்தது. பதில் எழுதினேன். "இங்கே சரியாக வருகிறது. உங்கள் பக்கத் தவறு. மூடப்படுகிறது. கோமதி."

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை இருக்கும். அலுவலக வாசலில் ஒரு அம்மா நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் பை, கையில் இரண்டு முட்டை அட்டை, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் புடவைக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தது. கட்டின் வழியாக மஞ்சள் கரு ஒழுகி அவர் மணிக்கட்டு வரை வந்து காய்ந்திருந்தது. பல் ஆஸ்பத்திரி கீழேங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஏனுங்க, கோமதிங்கறது ஆருங்க?"

"நான்தான். என்ன வேணும்?"

"நான் வெண்ணந்தூருங்க. பச்சைக் கலர்னு எழுதுனவ நாந்தானுங்க."

சரவணன் குனிந்து மேஜைக்கு அடியில் இல்லாத எதையோ தேட ஆரம்பித்தான்.

பூங்கொடி அட்டையை என் மேஜையில், விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டை அவிழ்த்தார். பாதி முட்டை உடைந்திருந்தது. மீதியில் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஓடு விரலுக்கு அடியில் அமுங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், உடம்பு கூசிவிட்டது.

"பஸ்ஸுல மடியிலயே வெச்சுட்டு வந்தனுங்க. அப்பவும் ஒடஞ்சு போச்சு. நீங்க எழுதுனதை எங்க மொதலாளி போன்ல படிச்சுட்டாருங்க. செஞ்சவங்களே உன் தப்புன்னு சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன பேச்சுன்னுட்டாரு. திங்கக்கெழமையில இருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டாருங்க."

குரல் உயரவில்லை, அழவும் இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும், ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன்.

"பதினோரு வருசமா அந்த மில்லுல இருக்கறனுங்க. மொதல்ல மூட்டை தைக்கத்தான் போனேன். அப்புறம் இத நானே பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். வேலை போனாக்கூட வேற மில்லு பாத்துக்குவேன். கோழித் தீவனத்தைக் கெடுத்தவன்னு பேரு வாங்கிட்டு எந்த மில்லுக்குங்க போறது?"

உள்ளறைக் கதவு திறந்தது. பெரியண்ணன் சார் கையில் மூன்று காகிதங்களோடு நின்றார். மூன்றும் அந்த இஷ்யூக்கள், இரண்டாவதன் கீழே குழுவில் நான் எழுதியதும் சேர்த்து அச்செடுத்தாயிற்று.

"வாங்கம்மா, உக்காருங்க. சரவணா, அம்மாவுக்குத் தண்ணி குடு. கை கழுவ எடம் காட்டு." அவர் கை கழுவி வந்து உட்காரும் வரை காத்திருந்தார். பிறகு காகிதங்களை என்னிடம் நீட்டினார். "நீங்க இவங்களுக்கு எழுதுனதுங்க சாமி. இவங்க மூஞ்சியப் பாத்துப் படிங்க."

படித்தேன். முதல் பதில் சுலபமாகப் போயிற்று, படிவத்தை நிரப்பவும் என்பதைப் படிப்பதில் என்ன இருக்கிறது. இரண்டாவதில் மாம்பழக் கலர் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தேன். "கேக்கலீங்க சாமி" என்றார். மறுபடி படித்தேன். மூன்றாவதில் "உங்கள் பக்கத்" வரை வந்தது, "தவறு" வரவில்லை. எதிரே அந்த அம்மா, என் மேஜையில் அந்த முட்டை. அவமானமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் என்னை யாரும் இப்படி நிற்கவைத்ததில்லை, முதலாளி மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. என் மேல் ஆத்திரம் வர இன்னும் கால் மணி நேரம் ஆயிற்று.

"சரவணா, திரைக்கு மேல பச்சைப் பட்டை எந்தப் பதிப்புல போட்டோம்?" என்றார் சார்.

சரவணன் தேடினான். "ஒரே ஒரு பதிப்புலதாங்க சார். அடுத்ததுலயே நீலமா மாத்திட்டோம்."

"அப்ப பச்சைக் கலர்னா எதுன்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும். இவங்க சரியாத்தான் பதில் சொல்லியிருக்காங்க."

நானும் இத்தனை நாளில் ஒருமுறைகூட அதை யோசிக்கவில்லை. அந்த அம்மா பதிப்பு எண்ணைச் சொல்லியிருந்தாலும் எனக்கு அதே தகவல்தான் கிடைத்திருக்கும்.

"அம்மா, நீங்க மில்லுல எப்படிப் போடுவீங்களோ அப்படியே இதுல போட்டுக் காட்டுங்க. யாரும் நடுவுல பேசக்கூடாது" என்று சார் என் நாற்காலியை இழுத்துப் போட்டார். என் நாற்காலி! நான் நின்றேன்.

பூங்கொடி விரல்கள் வேகமாகப் போயின. சரக்குப் பட்டியலைத் திறந்தார். மக்காச்சோளம், சோயா, கிளிஞ்சல், சுண்ணாம்புக்கல், தவிடு, உப்பு. கிளிஞ்சல் வரியைத் தொட்டார். நீக்கு என்ற பொத்தானுக்குப் போனார்.

"ஐயையோ, நீக்காதீங்க! சைபர் போடுங்க!"

நானும் சரவணனும் ஒரே நேரத்தில் கத்தினோம். நடுவில் பேசக்கூடாது என்றவர்தான் சார், அவர் வாயிலிருந்தும் "சைபர்..." என்று வந்துவிட்டது. கீழே பல் ராவுகிற சத்தம்கூட நின்ற மாதிரி இருந்தது.

பூங்கொடி திரும்பி எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். "அது எங்கீங்க எழுதியிருக்கு?"

எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கையேடு முழுவதும் தேடினோம். சரக்கை நீக்குவது எப்படி என்று படத்தோடு ஒரு பக்கம் இருந்தது, நான் எழுதியதுதான். நீக்காதே, அளவில் சைபர் போடு என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆரம்பத்தில் இருந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு வாய்ச்சொல்லாகச் சொன்னது. பழைய மில்கள் எங்களிடம் நேரில் கற்றுக்கொண்டவை, அவர்களும் சைபர்தான் போடுவார்கள். பூங்கொடியின் படத்தை வைத்து நான் சோதித்தபோதும் என் கை தானாகச் சைபர் போட்டிருக்கிறது. அவர் எடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தார், நான் எடுக்கவே இல்லை. இங்கே சரியாக வருகிறது என்று எழுதியும்விட்டேன்.

"இப்ப நீக்குங்கம்மா" என்றார் சார்.

நீக்கினார். பட்டியலில் கீழே இருந்த பெயர்கள் ஒரு வரி மேலே ஏறின. அவற்றின் சத்துக் கணக்கு ஏறவில்லை. பந்தியில் நடுவில் ஒருவர் எழுந்து போக, மற்றவர்கள் நகர்ந்து உட்கார்ந்து அடுத்தவர் இலையில் கை வைத்த கதை. சுண்ணாம்புக்கல்லின் இலை தவிட்டுக்கு வந்துவிட்டது. தவிடு முழுக்கச் சுண்ணாம்புச் சத்து என்று கலவை நம்பி, கல்லை நன்றாகக் குறைத்துச் சீட்டு போட்டது. மொத்தக் கணக்கில் சுண்ணாம்பு நிறைய இருப்பதாகவும் காட்டியது. கோழி பாவம், தவிட்டை வைத்து எப்படி ஓடு கட்டும்?

"கல்லு இவ்வளவு கம்மியா சொல்லுதேன்னு அன்னைக்கே மொதலாளிகிட்டக் கேட்டனுங்க. கம்ப்யூட்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும், கம்முனு போடுன்னாரு" என்றார் பூங்கொடி.

கலவையின் நிரலைத் திறந்தேன். நீக்கும் பகுதி. அதற்குமேல் ஒரு குறிப்பு, பல வருஷம் முன்பு எழுதியது. "நீக்கினால் வரிசை குழம்புகிறது. அப்புறம் பார்க்கலாம்." கீழே என் பெயரின் முதலெழுத்து.

அப்புறம் நான் பார்க்கவில்லை. எனக்குச் சைபர் போடத் தெரியும், எனக்கு எதற்கு அது?

திருத்தம் இரண்டு வரிதான். காப்பி ஆறுவதற்குள் முடிந்தது. மற்ற மில்களுக்கெல்லாம், கிளிஞ்சலையோ வேறு எதையோ நீக்கியிருந்தால் சீட்டை மறுபடி போடுங்கள் என்று சரவணன் போன் போட ஆரம்பித்தான். திருத்தத்தோடு வெளியிட வேண்டிய அறிவிப்புதான் மதியச் சாப்பாடு தாண்டியும் இழுத்தது. நான் முதலில் எழுதியது இது. "சில சூழல்களில் ஏற்படக்கூடிய சிறு பிழை திருத்தப்பட்டுள்ளது." பெரியண்ணன் சார் அச்செடுத்தார். பஸ் ஸ்டாண்டுக் குரலில் படித்தார். பூங்கொடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. இதக் கொண்டுபோய்க் காமிச்சா எங்க மொதலாளி, உன்னைய எங்க சொல்லியிருக்குன்னு கேப்பாருங்க."

இரண்டாவதாக எழுதியதில் "தொழில்நுட்பக் காரணங்களால்" என்று ஆரம்பித்தேன். அதை சார் படிக்கவே இல்லை, மடித்துக் கடலைத் தோல் போட வைத்துக்கொண்டார். மூன்றாவதை நான் எழுந்து நின்றுகொண்டே தட்டினேன். "பிழை எங்களுடையது. பயன்படுத்தியவர் தவறு எதுவும் இல்லை. கண்டுபிடித்தவர்: பூங்கொடி, வெண்ணந்தூர். அவர் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் நான் மூடினேன். கோமதி." படித்ததும் சார் ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் தின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மூடிய மூன்று இஷ்யூக்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். குழுவில் போட்ட மாம்பழக் கலரை அழிக்கப் போனேன். "இருக்கட்டுமுங்க. அழிச்சா நான் பொய் சொல்றன்னு ஆயிரும்" என்றார் பூங்கொடி. அது இன்னும் அங்கேயே இருக்கிறது, ஆசையிருந்தால் போய்ப் பாருங்கள். அறிவிப்பை அச்செடுத்து சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மடித்து வைத்துக்கொண்டு, "வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். முட்டை அட்டையை எடுத்துப் போகவில்லை.

சனி, ஞாயிறு எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. அவருடைய முதலாளி.

"ஏனுங்க, ஒரு காயிதத்தைக் கொண்டாந்து காட்டுது இந்தப் புள்ள. இதெல்லாம் ஆரு வேணாலும் அடிச்சுக் குடுக்கலாமுங்க. நெசமாலுமே தப்பு உங்களுதா? இங்க நம்ம ஆளுக எல்லாரும் நிக்கறாங்க, போனை ஸ்பீக்கர்ல போட்டிருக்கறேன். சொல்லுங்க."

மில் ஓடும் இரைச்சல் கேட்டது. அதற்குள் யாரோ "உஸ்" என்றார்கள். பூங்கொடியும் அங்கே நிற்பார். நான் படிவம் வைத்து மூடிய அத்தனை பேரும் அந்த இரைச்சலுக்குள் நிற்பதாக எனக்குப் பட்டது.

"ஆமாங்க. தப்பு எங்களுது. அவங்க போட்டது சரிங்க. நாங்க செஞ்சதுதான் தப்பு. கல்லு கம்மியா இருக்குன்னு அவங்க அப்பவே சொன்னாங்களாமே, நீங்களாவது கேட்டிருக்கலாமுங்க."

கடைசி வாக்கியம் தேவையில்லைதான், வாய் சும்மா இருந்தால் அது நானில்லை. அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். முதலாளி தொண்டையைச் செருமினார். "செரி, செரி. பூங்கொடி, போயி வேலையப் பாரு." அவ்வளவுதான். மன்னிப்பு கின்னிப்பு எல்லாம் கிடையாது. ஆனால் எல்லார் காதும் கேட்டுவிட்டது. போனை வைத்துவிட்டு அழுதேன். சரவணன் பார்த்துவிட்டான், பார்க்கட்டும்.

பெரியண்ணன் சார் எனக்கு ஒரு தண்டனை கொடுத்தார். புதுக் கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்து, கலவையை நீங்களே எழுதிய கையேட்டை மட்டும் பார்த்து நிறுவுங்க சாமி, தெரிஞ்சதை எல்லாம் மறந்துட்டுச் செய்யுங்க என்றார். நான்காவது படியில் மாட்டிக்கொண்டேன். "பிறகு வழக்கம்போல் நிறுவவும்" என்று இருந்தது. வழக்கம்போலா? யாருடைய வழக்கம்? முதல்முறை வருகிறவனுக்கு வழக்கம் எங்கிருந்து வரும்? எழுதினவளைத் திட்டித் தீர்த்தேன். கையேட்டில் பதினெட்டு இடத்தில் அப்படி இருந்தது, ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கீழே ஆஸ்பத்திரிக்காரர்கள் தோற்றார்கள்.

படிவத்தின் பதின்மூன்று கட்டம் நான்காயிற்று. என்ன செய்தீர்கள், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், எந்தப் பதிப்பு. புதியவருடைய இஷ்யூவை மூடுவதாக இருந்தால் பதிலை அலுவலகத்தில் ஒருவர் முன்னால் உரக்கப் படித்த பிறகுதான் அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது. ஒரு மாதம் அலுவலகம் பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. சரவணன் தன் பதிலைப் படிக்க ஆரம்பித்து, பாதியில் "இது வேண்டாங்க" என்று தானே கிழித்துப்போடுவான்.

மாலையில் மில் விட்டதும் பூங்கொடியும் எங்கள் இணையப் பக்கத்துக்கு வர ஆரம்பித்தார். முதலில் மற்ற மில்காரர்களுக்குப் பதில் சொன்னார். பிறகு புதிதாக வருகிறவர்கள் எல்லாரையும் அவரே பார்த்துக்கொண்டார். எல்லாம் தேன் என்று நினைக்க வேண்டாம். கலவையில் ஜாதகம் பார்க்க முடியுமா என்று கேட்டவர் உண்டு. ஆத்தூர்ப் பையன் ஒருவன் அனுப்பிய திருத்தம் இருந்ததையும் கெடுத்தது. புதியவராயிற்றே என்று நான் சூப்பர் என்று எழுதப் போனேன், அந்த அளவுக்குத் திருந்தியிருந்தேன். பூங்கொடி தடுத்தார். "பொய்யி சொல்லாதீங்க மேடம். அந்தத் தம்பி நெசமின்னு நம்பி இன்னொண்ணு அனுப்பும்" என்று அவனுக்கே போன் போட்டு, எங்கே கெட்டது என்று அரை மணி நேரம் சொன்னார். அவன் இன்றைக்கும் இருக்கிறான், இந்தக் கட்டுரையைக் கேட்டவர்களில் அவனும் ஒருவன்.

நான்கு மாதம் முன்பு ஓய்வு பெற்றேன். அலுவலக மின்னஞ்சல் போயிற்று, அதோடு கலவைக் குழுவில் என் கணக்கும் போயிற்று. போன வாரம் வீட்டில் பொழுது போகாமல் போனில் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அச்சுப்பொறியை இணைக்கும் பக்கத்தில், நடுவில், ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. "வழக்கம்போல் இணைக்கவும்." பிடுங்கியதில் தப்பித்த பத்தொன்பதாவது. என் வாக்கியம், என் கைவரிசை.

புதுக் கணக்கு ஒன்று திறந்தேன். பெயர் கேட்டது, சும்மா ஒரு எழுத்தைப் போட்டேன். இஷ்யூவைத் திறந்தேன். மூன்று கட்டம் நிரப்பினேன். நான்காவது, எந்தப் பதிப்பு. போனில் எண் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நானே வைத்த எண், தேடித் தேடிப் பார்த்தும் அகப்படவில்லை. அப்போதுதான் கட்டத்துக்குக் கீழே சின்னதாக ஒரு வரி கண்ணில் பட்டது. நான் இருந்தவரை அங்கே இல்லாத வரி. "தெரியவில்லை என்றால் பரவாயில்லை. மேலே என்ன கலர் இருக்கிறது என்று சொன்னால் போதும்."

கையேட்டின் மேல்பட்டையைப் பார்த்து "ஊதா" என்று எழுதினேன்.

சாயங்காலம் பதில் வந்தது. "வாங்க, வணக்கமுங்க. முதல் தடவை வந்திருக்கீங்க. ஊதான்னு சொன்னது நல்லதாப் போச்சு, எதுன்னு உடனே தெரிஞ்சுது. நீங்க சொன்னது சரிதானுங்க, அத வெச்சுப் புதுசா வந்தவங்க ஆரும் அச்சுப்பொறியை இணைச்சிருக்க முடியாது. தப்பு எங்களுது. திருத்திட்டோம். கண்டுபிடிச்சவங்க பேரு எழுதணும், உங்க பேரும் ஊரும் சொல்லுங்க. பூங்கொடி."

யாருக்குப் பதில் எழுதுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. எழுதியது நான், தப்பு என்னுடையது, யாரென்றே தெரியாத ஒருத்தரிடம் அவர் எங்களுது என்கிறார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோமதி, அஸ்தம்பட்டி என்று எழுதி அனுப்பினேன்.